மொட்டை மலை என்றொரு பிழை

ஊட்டியிலிருந்து தென்மேற்கே எமரால்டு வரைக்கும் கேரட், உருளைக்கிழங்கு, தேயிலை என்று மாறி மாறி வரும். அவலாஞ்சியைத் தாண்டி மேல் பவானிப் பக்கம் ஏறினால் மூன்றும் நின்றுவிடும். அதற்குப் பிறகு கண்ணுக்குப் படுவதெல்லாம் உருண்டு உருண்டு போகும் புல்மேடுகள், அவற்றின் மடிப்புகளில் அங்கங்கே பதுங்கிக் கிடக்கும் கரும்பச்சைச் சோலைகள், அவ்வளவுதான். பனிமுடி கிடையாது, கோபுரம்போல் நிமிரும் சிகரம் கிடையாது, அருவியும் பெரும்பாலும் மேகத்துக்குள்தான். முதல் முறை வருகிறவர் வாயிலிருந்து விழும் சொல் 'மொட்டை மலை' என்பதே. நம் ஊரில் மரம் இல்லாத மலைக்கு அதுதான் பெயர். யாரோ மழித்துவிட்டார்கள் என்ற பொருளும் அந்தச் சொல்லிலேயே ஒளிந்திருக்கிறது. குந்தா மலைத்தொடரைப் பற்றிய தவறான எண்ணங்களில் பாதி இந்த ஒரு சொல்லில் அடங்கும். மழிக்கப்படுவதற்கு இங்கே முடியே இருந்ததில்லை என்பதும், இந்த மலை எப்படிப்பட்டது என்பதை உச்சிகளின் உயரத்தைவிடப் புல்லே சரியாகச் சொல்லும் என்பதும் இந்தக் கட்டுரையின் வாதம். வழி முக்கூர்த்தி தேசியப் பூங்காவின் ஊடே போகிறது. 78 சதுர கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் சின்னப் பூங்கா. 1982-இல் சரணாலயமாகவும் 1990-இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. சுற்றுலாப் பேருந்துகள் வந்து நிற்கும் இடமல்ல. உட்பகுதிகளுக்கு வனத்துறையின் அனுமதி வேண்டும்.

முதலில் மலையின் வடிவத்தைப் பார்த்துவிடலாம். நீலகிரி என்பது நாலா பக்கமும் செங்குத்தாக இறங்கும் ஒரு மேட்டுநிலம். சராசரியாக 2,000 மீட்டர் உயரத்தில் கிடக்கும் மேசை என்று வைத்துக்கொள்ளலாம். அந்த மேசையின் தென்மேற்கு விளிம்பு கொஞ்சம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அந்த விளிம்புக்குத்தான் குந்தா என்று பெயர். கீழேயிருந்து மேலே குவிந்து ஊசியாக முடிகிற மலை இல்லை இது. மேலே இருப்பவருக்கு அலையலையாக ஒரு புல்வெளி. கடைசி அலையைக் கடந்து ஓர் அடி வைத்தால் காலடியில் கேரளம். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் கிடைத்தூரத்துக்குள் நிலம் 2,000 மீட்டருக்கு மேல் சரிந்து நிலம்பூர்க் காட்டில் போய் விழுகிறது. உச்சிகள் இல்லாமல் இல்லை. கோலாரிபெட்டாவின் உயரம் ஏறக்குறைய 2,630 மீட்டர். சாலை போட்டு, தொலைநோக்கி வைத்து, வேர்க்கடலை விற்கும் தொட்டபெட்டாவைவிட ஏழே மீட்டர்தான் குறைவு. ஆனாலும் கோலாரிபெட்டாவின் பெயரைத் தமிழ்நாட்டில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? சுற்றியுள்ள மேடுகளுக்கு நடுவே அதுவும் ஒரு மேடு, தனித்துத் தெரியாது. உயரத்தை வைத்து இந்தத் தொடரைப் புரிந்துகொள்ளப் போனால் கையில் மிஞ்சுவது ஓர் எண் மட்டும்தான்.

பாறை மிகப் பழையது. நீலகிரியின் உடம்பு பெரும்பாலும் சார்னோக்கைட், சுமார் 250 கோடி ஆண்டு வயது. சென்னைக்காரர்களுக்கு இந்தக் கல் அந்நியமில்லை. பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் இருப்பது இதே இனம். கொல்கத்தாவில் ஜாப் சார்னக்கின் கல்லறைமேல் கிடக்கும் பலகை இந்த வகைக் கல் என்பதால், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிலவியலாளர் ஹாலண்டு அவர் பெயரையே கல்லுக்கு வைத்துவிட்டார். கங்கைக் கரையில் செத்த ஒரு கம்பெனி வியாபாரியின் பெயரைத் தென்னாட்டு மலை சுமக்கிறது! கல் இறுகலானது, மெதுவாகத்தான் மக்கும். ஆகவே மேடுகளின் முதுகில் மண் மெல்லிய போர்வையாகக் கிடக்கிறது. மடிப்புகளில்தான் ஆழமாகச் சேர்கிறது. புல் எங்கே, சோலை எங்கே என்ற கேள்விக்குப் பாதி விடை இந்த மண்ணின் ஆழத்தில் இருக்கிறது.

விளிம்பு என்றால் என்ன என்பது முக்கூர்த்திச் சிகரத்தில் தெளிவாகத் தெரியும். 2,554 மீட்டர். கிழக்கிலிருந்து பார்த்தால் சாய்ந்த கூம்பு. மேற்குப் பக்கம் வெட்டி எடுத்தாற்போல் இருக்கும். சூர்ப்பணகையின் அறுபட்ட மூக்கு இது என்று ஒரு கதை உண்டு. எருமை மேய்க்கும் மலைக்குடிகளான தோடர்களுக்கு இது அதைவிடக் கனமான இடம்: செத்தவரின் ஆவியும் அவருக்காகப் பலியிட்ட எருமையின் ஆவியும் இங்கிருந்துதான் மேற்கே உள்ள மறுவுலகத்துக்குத் தாவும். புவியியல்காரர் வேறு சொற்களில் இதையே சொல்வார். நீரும் இங்கேதான் பிரிகிறது. சிகரத்துக்கு மேற்கே விழுந்த துளி சாலியாற்றில் இறங்கி அரபிக் கடலுக்குப் போகும். கிழக்கே சில அடி தள்ளி விழுந்த துளி பைக்காராவாகி, மாயாறாகி, பவானிசாகரில் பவானியோடு சேர்ந்து, காவிரி வழியாக வங்கக் கடலுக்குப் போய்ச் சேரும். பவானியின் போக்கு இன்னும் விசித்திரம். இதே குந்தாவில் பிறந்து, தென்மேற்காகக் கேரளத்துக்குள் நுழைந்து, முக்காலிக்கருகே திரும்பி, அட்டப்பாடி வழியாகக் கிழக்கே ஓடி மேட்டுப்பாளையத்துக்கு வருகிறது. தொடரின் தென்சரிவில் பிறக்கும் குந்திப்புழையோ அமைதிப் பள்ளத்தாக்கைக் கடந்து பாரதப்புழையில் கலக்கிறது. இத்தனை ஆறுகளுக்கும் தாய்மடி பனிமலையில்லை, ஏரியில்லை, பெருங்காடுகூட இல்லை. சோலைத் துண்டுகள் செருகிய ஒரு புல்வெளி.

மழைக்குப் பஞ்சமில்லை. தென்மேற்குப் பருவக்காற்று முதலில் முட்டுவது இந்த விளிம்பில்தான். மேற்கு ஓரங்களில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டரைத் தாண்டும் இடங்கள் உண்டு. காக்கை பறக்கும் தூரத்தில் அருகிலேயே இருக்கும் ஊட்டிக்கு அதில் கால் பங்குதான் கிடைக்கிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரு நாள் 82 சென்டிமீட்டரும் மறுநாள் 91 சென்டிமீட்டரும் பதிவாகின. சென்னையில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்யும் சராசரி மழை 140 சென்டிமீட்டர் அளவுதான். அதைவிட அதிகமாக இரண்டே நாளில் இந்த மலை வாங்கிக்கொண்டது. அப்போது சரிவுகள் பல இடங்களில் பிய்ந்தன. 'புல் மண்ணைப் பிடித்து வைக்கும் என்கிறீர்களே, அன்று என்ன ஆயிற்று?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த அளவு மழைக்கு எந்தப் போர்வையும் தாங்காது என்பதே விடை. சோலை இருந்த இடத்திலும் மண் இறங்கியது. அவலாஞ்சி என்ற பெயரே 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நேர்ந்த ஒரு பெரிய சரிவால் வந்ததுதான். தோட்டங்களும் அணைகளும் வருவதற்கு முந்திய கதை அது. சரிவது இந்த மலையின் இயல்புகளில் ஒன்று. புல்லின் திறமை தெரிவது பேய்மழை நாளில் அல்ல, பிப்ரவரியில். மழை நின்று மாதக்கணக்கான பிறகும் மடிப்புகளில் நீர் கசிந்துகொண்டே இருக்கிறதே, அந்தக் கசிவுதான் கீழே ஆறு.

கொஞ்சம் குனிந்து பார்த்தால் அது எப்படி என்று புரியும். தூரத்தில் வழவழவென்று தெரியும் புல்வெளி கிட்டப் போனால் தனித்தனிக் குத்துகளாகப் பிரியும். ஒவ்வொரு குத்தும் முழங்கால் உயரம். அடியில் பழைய இலைகளின் காய்ந்த சருகு, அதற்கடியில் பின்னிக் கிடக்கும் வேர், அதற்கும் கீழே கறுத்த மண். குத்துகளுக்கு இடையே தவளையும் வெட்டுக்கிளியும் சிறு ஆர்க்கிடும் குடியிருக்கின்றன. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்க இறங்க மண் மெத்தென்று ஆகும். அடிப்பாகத்தில் கால் வைத்தால் புதையும், எடுத்தால் அந்தத் தடத்தில் தேநீர் நிறத்தில் தண்ணீர் ஊறி நிற்கும். இதுதான் சதுப்பு. ஆயிரக்கணக்கான ஆண்டுப் புல் முழுதாக மக்காமல் படிந்து பீட் என்னும் கரிமண்ணாகி, பஞ்சுபோல் நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. சதுப்பிலிருந்து பத்தடி ஏறினால் சோலையின் சுவர். சுவர் என்றே சொல்ல வேண்டும், ஏனென்றால் நடுவே புதரோ இளமரமோ அதிகமில்லை. புல் முடிந்த கோட்டிலேயே மரம் தொடங்குகிறது. உள்ளே போனால் வெளிச்சமும் காற்றும் குறைந்து பாசி ஒட்டிய கோணல் மரங்கள். நாவல் இனங்கள், லவங்க இனங்கள், காட்டுச் செண்பகம் என்று அடுக்கடுக்காக, ஆனால் எதுவும் அதிக உயரமில்லை. காற்று மேலே தலையெடுக்க விடுவதில்லை. சோலையை விட்டு வெளியேறிப் புல்லில் தன்னந்தனியாக நிற்கத் துணிந்த மரம் அநேகமாக ஒன்றே ஒன்று: காட்டுப்பூவரசு எனப்படும் ரோடோடென்ட்ரான். தடித்த பட்டை, தீக்கும் பனிக்கும் அசையாது. பூக்கும் காலத்தில் பச்சைச் சரிவில் சிவப்புப் பொட்டு வைத்தாற்போல் நிற்கும்.

இந்தச் சுவர் ஏன் நகர்வதில்லை? சோலை ஏன் பரவி மேட்டை மூடிக்கொள்ளவில்லை? இந்தக் கேள்வியில் நூறாண்டுச் சண்டை இருக்கிறது. 1938-இல் மதராஸ் வனத்துறையைச் சேர்ந்த சி.ஆர். ரங்கநாதன், புல்லும் சோலையும் இரண்டுமே இந்த மலைக்கு இயற்கையான முடிவுநிலைகள், சோலைக் கன்றுகள் வெளியே வராமல் தடுப்பது உறைபனி என்று எழுதினார். அதே காலத்தில் தாவரவியலாளர் என்.எல். போர் மறுத்தார்: மலை முழுக்கக் காடாகத்தான் இருந்திருக்கும், தீயும் மேய்ச்சலும்தான் அதைத் தின்று புல்லாக்கிவிட்டன என்பது அவர் கட்சி. இரண்டாவது கட்சிக்கு ஆள் அதிகம் சேர்ந்தது இயல்புதான். மனிதன்தான் எல்லாவற்றையும் கெடுத்தான் என்ற கதை சொல்வதற்கும் கேட்பதற்கும் எளிது. நிர்வாகத்துக்கோ அது மிக வசதியானது. புல்வெளி காடழிந்த இடம் என்றால் அது தரிசு. தரிசு என்றால் அதில் எதையும் நடலாம். நட்டால் புண்ணியமும் உண்டு.

போர் சொன்னதை லேசாகத் தள்ளிவிட முடியாது. தோடர்கள் நெடுங்காலமாக இங்கே எருமை மேய்க்கிறார்கள். 1117-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு ஹொய்சளக் கல்வெட்டிலேயே அவர்கள் பெயர் வருகிறது. 1603-இல் மலபாரிலிருந்து மலையேறிய பாதிரியார் ஃபெனிசியோவும் எருமையோடு அவர்களைக் கண்டிருக்கிறார். காய்ந்த புல்லுக்குத் தீ வைத்து இளம்புல் வரவழைப்பது அவர்கள் வழக்கம். ஆக, 900 ஆண்டுகளாகவாவது இந்தப் புல்லில் மனிதக் கை இருக்கிறது. ஆனால் கேள்வி 900 ஆண்டு பற்றியது அல்ல. 1993-இல் நேச்சர் இதழில் ஆர். சுகுமாரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட முடிவு இதைத் தாண்டிப் போகிறது. அவர்கள் நீலகிரிச் சதுப்புகளின் பீட் மண்ணை அடுக்கடுக்காக எடுத்து அதிலுள்ள கரிமத்தின் வகையை அளந்தார்கள். மரங்களும் வெப்பநாட்டுப் புற்களும் காற்றிலிருந்து கரிமத்தை எடுக்கும் முறை வேறு. அதனால் மக்கிய மண்ணில் கரிமம்-13 என்னும் கனத்த வகையின் விகிதமும் வேறு. மேலே வளர்ந்தது மரமா புல்லா என்பதற்கு அந்த மண்ணே சாட்சி. பல்லாயிரம் ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லும் அந்தப் பதிவில், கடைசிப் பனியுகம் உச்சத்தில் இருந்த, ஏறத்தாழ 20,000 ஆண்டுக்கு முந்திய வறண்ட காலத்தில் புல்லின் கை ஓங்கியிருக்கிறது. பிறகு ஈரம் கூடியபோது மரத்தின் கை. எருமையோடு எவரும் இந்த மலையேறியதற்குச் சான்றே இல்லாத காலத்துப் புல் அது. ரங்கநாதன் முழுக்கச் சரி என்றும் இதற்கு அர்த்தமில்லை. புல்லுக்கும் சோலைக்கும் நடுவிலுள்ள கோடு நகர்ந்திருக்கிறது, பருவநிலையைப் பின்தொடர்ந்து முன்னும் பின்னுமாக. நாம் நிலையான சுவர் என்று நினைப்பது, மிக மெதுவாக ஆடும் ஊசல். ஆனாலும் புல் இந்த மலையின் பூர்விகக் குடி என்பதில் அதற்குப் பின் சந்தேகத்துக்கு இடம் குறைவு.

அடுத்த ஆட்சேபம் இன்னும் கூர்மையானது. இந்தப் புல்வெளியில் நட்ட கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் (வாட்டில்) கொழுத்து வளர்கின்றனவே? மரம் வளரவே முடியாத இடம் என்றால் அவை எப்படி வளர்ந்தன? விடை டிசம்பர், ஜனவரி விடியலில் இருக்கிறது. நீலகிரிக்காரர்கள் முதலில் 'நீர்ப்பனி' என்பார்கள். அது கடுத்தால் 'உறைபனி'. மேகமில்லாத இரவில் நிலத்தின் சூடெல்லாம் வானுக்குப் போய்விட, குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்தில் வழிந்து தேங்கும். காலையில் புல் நுனிகளில் வெள்ளை உப்பு தூவியதுபோல் இருக்கும். வெயில் ஏறியதும் அது கரைய, கருகிய இலை தெரியும். சோலை மரத்தின் கன்றுக்கு அந்த ஒரு காலை போதும். தாய் மரங்களின் கூரைக்குள் இருந்தால் பிழைக்கும், கூரை கீழிருந்து எழும் சூட்டைப் பிடித்து வைக்கும், திறந்தவெளியில் பிழைக்காது. சீகையும் கற்பூர மரமும் தென்கிழக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை, உறைபனி அவற்றுக்குப் பிறந்த வீட்டுப் பழக்கம். ஆகவே இங்கே 'மரம் வளருமா' என்று கேட்பது தவறான கேள்வி. இந்த மலையின் மரம் வளருமா என்று கேட்க வேண்டும். உறைபனி மட்டுமே காரணம் என்றும் நான் வாதாட மாட்டேன். விளிம்பின் மேற்கு ஓரத்தில் மேகமும் காற்றும் அதிகம், பனி குறைவு. அங்கே மரத்தைத் தடுப்பதில் காற்றுக்கும் மண்ணின் ஆழமின்மைக்கும்தான் பெரிய பங்கு. தீயும் தன் பங்கைச் செய்திருக்கிறது. நான்கும் சேர்ந்துதான் அந்தச் சுவரைக் கட்டியிருக்கின்றன.

சுதந்திரத்துக்குப் பிறகு நடந்தது இந்த மலையின் சரித்திரத்தில் பெரிய முரண். 1950-களில் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா உதவியோடு குந்தா நீர்மின் திட்டம் தொடங்கியது. அவலாஞ்சி, எமரால்டு, மேல் பவானி, போர்த்திமந்து, பார்சன்ஸ் வேலி என்று அணைகள் எழுந்தன. குகைபோல் சுரங்கம் குடைந்து ஒரு பள்ளத்தாக்கின் நீரை மறுபள்ளத்தாக்குக்குத் திருப்பினார்கள். பொறியாளர்கள் இங்கே வந்ததற்குக் காரணம் ஒன்றே: ஆண்டு முழுதும் கசியும் நீர், அதைக் கீழே விட்டால் விழுவதற்குத் தேவையான உயரம். புல்வெளியின் மதிப்பைக் கணக்குப் போட்டு அறிந்த முதல் அரசு ஊழியர்கள் அவர்கள்தான் என்று சொல்லலாம், 'புல்வெளி' என்ற சொல்லை அவர்கள் பயன்படுத்தாவிட்டாலும். ஏறத்தாழ அதே ஆண்டுகளில் அதே அரசின் இன்னொரு துறை அதே நீர்பிடிப்புகளில் சீகையை வரிசை வரிசையாக நட்டது. தோல் பதனிடப் பட்டை வேண்டும், ரேயான் ஆலைக்குக் கூழ்மரம் வேண்டும், விறகும் வேண்டும், புல்லோ தரிசு. ஒரு கை குடத்தை வைக்கிறது, மறு கை அதில் உறிஞ்சுகுழலைச் செருகுகிறது.

உறிஞ்சுகுழல் என்பது அலங்காரத்துக்குச் சொன்னது அல்ல. ஊட்டியிலுள்ள மண், நீர்ப் பாதுகாப்பு ஆய்வு மையம் கிளன்மார்கனில் அக்கம்பக்கமாக இருந்த இரண்டு சிறு நீர்பிடிப்புகளை எடுத்துக்கொண்டது. ஒன்றைப் புல்லாகவே விட்டது. மற்றதில் 1972-இல் ஏறத்தாழ 60 விழுக்காடு பரப்பில் கற்பூர மரம் நட்டது. முதல் பத்தாண்டுச் சுழற்சியில் நட்ட பக்கம் நீர்வரத்து 16 விழுக்காடு குறைந்தது. வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்த இரண்டாம் சுழற்சியில் குறைவு 25 விழுக்காட்டை எட்டியது. அதிகம் அடிபட்டது கோடைக்கால ஓட்டம், அதாவது ஆற்றுக்கு மிகவும் வேண்டிய காலத்து நீர். இதற்கும் மறுப்பு உண்டு: கிளன்மார்கன் வேறு, மழை கொட்டும் குந்தா வேறு, கற்பூர மரம் வேறு, சீகை வேறு. ஒப்புக்கொள்கிறேன், அந்த விழுக்காட்டை அப்படியே தூக்கிவந்து மேல் பவானிக்கு ஒட்டக்கூடாது. ஆனால் திசை மாறப் போவதில்லை. ஆண்டு முழுதும் இலையோடு நின்று ஆழமாக வேரோடும் மரம், குளிர்காலத்தில் காய்ந்து ஓயும் புல்லைவிட அதிகம் குடிக்கும் என்பதற்குப் பெரிய ஆய்வகம் வேண்டியதில்லை. பக்கத்துப் பழனி மலையில் 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, தோட்ட மரங்களாலும் விவசாயத்தாலும் நாற்பது ஆண்டுகளில் புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று காட்டியது. இதில் வேடிக்கை என்னவென்றால், தமிழ் சினிமா மட்டும் புல்லின் அருமையை விடாமல் உணர்ந்திருந்தது. கூடலூர்ச் சாலையில் மரம் நடாமல் தப்பிய மேட்டுக்கு 'ஷூட்டிங் மட்டம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

விளிம்பைப் படிக்கத் தெரிந்த உயிர் ஒன்று உண்டு: வரையாடு. வரை என்றால் மலை, அதன் செங்குத்து. சங்க இலக்கியம் வருடை என்று அழைப்பது இதைத்தான். இதற்குப் புல்லும் வேண்டும், பாறையும் வேண்டும், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டும். மேய்வது புல்லில், சிறுத்தையோ செந்நாயோ வாடை காட்டினால் சில பாய்ச்சலில் விளிம்பைத் தாண்டிச் செங்குத்தில் நின்றுவிடும். அந்த இடத்தில் இன்னொரு விலங்கு நிற்க முடியாது. புல்லுக்கும் பாறைக்கும் நடுவே சீகைத் தோப்பு வந்துவிட்டால் ஆட்டுக்குப் பார்வை மறையும், ஓட்டம் தடைபடும், வேட்டையாடும் விலங்குக்கு ஒளிய இடம் கிடைக்கும். இமயமலையின் தார் என்னும் காட்டாட்டோடு இதை ஒரே பேரினப்பெயரில் அடைத்து வைத்திருந்தார்கள். 2005-இல் வெளிவந்த மரபணு ஆய்வு இது செம்மறியாட்டுக்கு நெருங்கிய, தனித்த கிளை என்று காட்டியது. இன்று அதற்கு நீலகிரியின் பெயராலேயே தனிப்பேரினம். தமிழ்நாட்டு அரசின் கணக்கெடுப்பில் 2024-இல் 1,031, 2025-இல் 1,303. எண்ணிக்கை ஏறியதில் எவ்வளவு குட்டி, எவ்வளவு கூர்மையான கணக்கு என்று பிரிப்பது கடினம். எப்படியிருந்தாலும் மேற்குத்தொடர்ச்சியின் தென்பாதியில் மட்டுமே வாழும் ஒரு தனிப்பேரினம், காடு அழிந்து உண்டான நேற்றைய புல்லில் பிறந்திருக்க முடியாது. தாவரவியலாளர் போருக்கு வரையாடே ஒரு பதில்.

இன்றைக்கு எழும் ஆட்சேபம் கரியைப் பற்றியது. உலகம் சூடாகிறது, மரம் கரியைப் பிடிக்கிறது, மரத்தை வெட்டச் சொல்வது பாவமல்லவா? மரக்கன்று நடுவதைத் திருவிழாவாகக் கொண்டாடும் காலத்தில் புல்லுக்காகப் பேசுவது கொஞ்சம் கூச்சம் தரும் வேலைதான். ஆனால் இந்த மலையின் கரி கண்ணுக்குத் தெரியாத இடத்தில், மண்ணுக்கடியில் இருக்கிறது. பீட் என்பதே சேமித்த கரி. தோட்டத்துக்காக வடிகால் வெட்டிச் சதுப்பைக் காயவிட்டால் சேமிப்பு காற்றில் போகும். மேலே நிற்கும் மரம் ஒரு கோடைத் தீயில் எரிந்துவிடும். புல் எரிந்தாலும் அதன் சொத்து வேரில் பத்திரமாக இருக்கும், அடுத்த மழைக்கு மீண்டும் பச்சை. இன்னொரு ஆட்சேபம் தோடர்கள் பக்கமிருந்து வருகிறது, அதற்கு என்னிடம் முழு விடை இல்லை. பூங்கா என்று கோடு போட்டு மேய்ச்சலையும் தீயையும் நிறுத்தியதால் புல் முற்றிப்போய்ப் புதர் ஏறுகிறது என்கிறார்கள். அவர்கள் கோயிலுக்குக் கூரை வேய்வது சதுப்பில் மட்டும் வளரும் ஒரு தனிப் புல்லால். சதுப்பு சுருங்கினால் கோயில் பழுதாகும். புல்வெளி இயற்கையானது என்று வாதாடுகிறவர்கள் அங்கே வாழ்ந்தவர்களைக் கதையிலிருந்து அழித்துவிடுவது வழக்கம். அது தேவையற்றது. புல் அவர்களுக்கு முந்தியது என்பதும், இந்த 900 ஆண்டுப் புல் அவர்கள் கைபட்டது என்பதும் ஒன்றையொன்று வெட்டுவதில்லை.

மேல் பவானிக்கு அப்பால் பாதை பங்கித்தப்பாலுக்குப் போகிறது. பெயரைக் கேட்டால் பழங்குடிச் சொல் என்று தோன்றும்; உண்மையில் அது அஞ்சல்துறைச் சொல். பாங்கி என்றால் காவடியில் தூக்கும் பார்சல், தப்பால் என்றால் தபால். 1830-களில் ஆளுநர் லஷிங்டன் காலத்தில் ஊட்டியையும் கள்ளிக்கோட்டையையும் இணைக்கச் சிஸ்பாரா கணவாய் வழியாகச் சாலை போட்டபோது தபால்காரர்கள் தங்கி மாறிய இடம். விளிம்பைக் குடைந்து கடலுக்கு இறங்கும் குறுக்குவழி அது. மழையும் அட்டையும் காய்ச்சலும் சேர்ந்து சாலையைத் தோற்கடித்தன. வேறு மலைப்பாதைகள் வந்ததும் அது கைவிடப்பட்டது. இன்று அந்தத் தடத்தின் மிச்சம் புல்லில் ஓர் ஒற்றையடிக் கோடு. மேடுகளைக் குறுக்காக வெட்டாமல் சுற்றிச் சுற்றிப் போவதால்தான் அது மனிதன் போட்டது என்று தெரிகிறது. நூற்றுத்தொண்ணூறு ஆண்டுக்கு முன் வெட்டிய சாலையைப் புல் மூடிக்கொண்டுவிட்டது.

சீகையை மட்டும் புல்லால் அவ்வளவு சுலபமாக மூட முடியவில்லை. அந்நியக் களைமரங்களை அகற்றச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றமும் உத்தரவிட்டிருக்கிறது, வனத்துறையும் துண்டு துண்டாக வெட்டி வருகிறது. எல்லாவற்றையும் ஒரேயடியாக வெட்ட வேண்டும் என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. சோலையை ஒட்டிய பழைய சீகைத் தோப்புகளின் நிழலில் சோலைக் கன்றுகள் முளைத்திருக்கின்றன. உறைபனியைத் தடுக்கும் கூரையாக அந்நிய மரமே வேலை செய்கிறது. அங்கே வாள் வைத்தால் கன்றும் போகும். மேட்டுப் புல்லுக்குள் விதை எறிந்து பரவும் ஓரத்து மரங்களையும், சதுப்பைக் குடிக்கும் பள்ளத்து மரங்களையும் முதலில் எடுப்பதே கணக்காகத் தோன்றுகிறது. எடுத்த பிறகுதான் உண்மையான வேலை. சீகை விதை கடினத்தோல் கொண்டது. பல பத்தாண்டு மண்ணுக்குள் உயிரோடு காத்திருக்கும், வெயிலோ தீயோ பட்டதும் எழுந்துவிடும். வெட்டிய சரிவில் முதல் மழைக்குப் பின் போய்ப் பார்த்தால் கட்டைகளுக்கு நடுவே விரல் நீளக் கன்றுகள் இறகு இலையோடு கம்பளம் விரித்தாற்போல் நிற்கின்றன. ஆட்கள் வரிசையாகக் குனிந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு வருகிறார்கள். அவர்கள் கடந்து போன இடத்தில், பிடுங்கிய குழிகளுக்குப் பக்கத்தில், பழைய புல் இரண்டு மூன்று குத்து தலைகாட்டியிருக்கிறது. அடுத்த ஆண்டு மழைக்குப் பின் அதே சரிவுக்கு மறுபடி ஆள் அனுப்பியாக வேண்டும்.